தாலுகா மருத்துவமனையிலேயே போடட்டும் அந்த ஊசியை

கழுத்துத் தமனி அடைத்துப் பக்கவாதம் வந்தவருக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட நரம்பியல் நிபுணர் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. சி.டி. ஸ்கேன் உள்ள அரசு மருத்துவமனையில் பொது மருத்துவரே போடலாம். இமாச்சலப் பிரதேசம் இப்படி ஒரு திட்டத்தை 2014-லேயே தொடங்கியது. மலை மாவட்ட மருத்துவர்கள் ஸ்கேன் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, நிபுணரின் ஆலோசனைப்படி ஊசி போட்டார்கள். மருந்தை அரசு இலவசமாகத் தந்தது. மலைப்பாதையில் முடிந்தது நம் தாலுகாக்களில் ஏன் முடியாது?

1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் பலன் உண்டு என்று காட்டியது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அதை நான்கரை மணி நேரமாக நீட்டியது. ஆனால் அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. வாய் கோணி, கை விழுந்தவரை எண்ணெய் தேய்த்துப் படுக்கவைத்து, விடியட்டும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

கழுத்துத் தமனியை அடைக்கும் கட்டி பெரியது. ஊசி மட்டும் பல நேரம் அதைக் கரைப்பதில்லை. தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுப்பதன் பலனை 2015-இல் வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. அப்படியானால் ஊசி எதற்கு, நேரே நகரத்துக்கு அனுப்பலாமே என்கிறார்கள் சிலர். இதை நாம் ஏற்கவில்லை. குழாய்ச் சிகிச்சை பெரும்பாலும் பெருநகரங்களில்தான். அங்கே போய்ச் சேர்வதற்குள் பொழுது போய்விடும். கட்டியைக் கரைக்கும் மருந்துகளில் ஆல்டெப்ளேஸை ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். டெனக்டெப்ளேஸோ சிரையில் ஒரே தடவை செலுத்தும் ஊசி. அதைப் போட்ட கையோடு ஆம்புலன்ஸ் கிளம்பலாம்.

ஆபத்து இல்லாமல் இல்லை. அந்த 1995 ஆய்வில் ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு நிலைமை மோசமானது. அதே ஆய்வில், பெரிய ஊனமின்றி மூன்று மாதத்தில் மீண்டவர்கள் ஊசி பெற்றவர்களிடையேதான் கணிசமாக அதிகம். கசிவுக்கு அஞ்சிக் கைகட்டி நிற்கும் இளம் மருத்துவரைக் குறைசொல்வதில் பயனில்லை. ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே இருக்கிறதா, சர்க்கரை எவ்வளவு, அறிகுறி எப்போது தொடங்கியது என்று வரிசையாகப் பார்க்கும் எழுத்து நெறிமுறையையும், இரவு இரண்டு மணிக்கும் போனை எடுக்கும் நிபுணரையும் அரசு அவருக்குத் தர வேண்டும். உறவினரிடம் ஆபத்தை முன்கூட்டியே விளக்கிச் சொன்ன மருத்துவருக்குத் துறை துணை நிற்க வேண்டும்.

108 வண்டி வழியிலிருந்தே தகவல் சொல்லட்டும். நோயாளி இறங்கியதும் நேரே ஸ்கேன் அறைக்குப் போகட்டும். அந்த அறை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கட்டும்.