கொழுந்து பார்க்கும் கண்ணுக்கு என்ன விலை?

"பொம்பளைங்க கண்ணு நிறத்துக்கு, ஆம்பளைங்க கண்ணு தூரத்துக்கு. அதனாலதான் கொழுந்துக்குப் பொம்பள." போன மாதம் ஒரு கருத்தரங்கில் ஒருவர் இதை அறிவியல் என்று சொல்லி முடித்தார். கை தட்டினார்கள். பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்து லயங்களிலிருந்து வந்த நாங்கள் தட்டவில்லை.

சரி, அறிவியலையே பேசுவோம். வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. சிவப்பு-பச்சை நிறக்குருடு ஐரோப்பிய ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு உண்டு, பெண்களில் 0.5 சதவீதம்தான். மீதி 92 ஆண்களுக்கு என்ன குறை? 2012இல் நியூயோர்க்கில் இஸ்ரேல் அப்ரமோவ் குழு செய்த ஆய்வில், நிறங்களைப் பிரித்தறிவதில் பெண்கள் கொஞ்சம் முன்னே. நுண்ணிய விபரங்களைப் பிடிப்பதில் ஆண்கள் முன்னே. அப்படியென்றால் ரெண்டு இலை ஒரு மொட்டைத் தேட ஆம்பளைங்களை அல்லவா மலைக்கு அனுப்பணும்!

2007இல் டொரொண்டோவில் 10 மணிநேரம் ஆக்‌ஷன் வீடியோ கேம் விளையாட வைத்தார்கள். கண்ணால் இடத்தைக் கவனிப்பதில் இருந்த ஆண்-பெண் இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துபோனது. பத்து மணிநேரத்துக்கே இப்படி என்றால், முப்பது வருஷம் மலையில் நின்ற கண்?

எங்கள் அம்மாமாரை நிரையில் பார்த்திருக்கிறோம். மட்டக்கம்பு மேல் கண் ஒருமுறை ஓடும். முத்தல் இலை தள்ளும், கொழுந்து கைக்குள் வரும், பக்கத்து நிரைக்காரியோடு பேச்சும் நிற்காது. குளவிக் கூடு இருந்தால் அதுவும் கண்ணில் படும். இது பிறவி இல்லை, தொழில். புதுசா பேர் பதிஞ்ச பொண்ணு முதல் மாதம் படும் பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

பிறவிக் குணம் என்று சொல்வதில் யாருக்கு லாபம்? திறமைக்குக் கூலி கேட்கலாம், பிறவிக்குக் கேட்க முடியாதே. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்ததே 1984இல், வேலைநிறுத்தம் செய்த பிறகுதான். கவ்வாத்துக்குப் போன ஆம்பளை மத்தியானத்தோட லயத்துக்கு வந்துடுவார். கொழுந்துக்காரி நிற்பது சாயங்காலம் வரை, கிலோ குறைஞ்சா அரைப்பேர்.

இன்னொன்று. பெண் கண்ணுக்கு நிறம் அத்துபடி என்றால், சாயத்தின் நிறம் பார்த்துத் தரம் சொல்லும் மேசையில் காலங்காலமாக ஆண்கள் நின்றது எப்படி? கொழுந்தைப் பார்க்கப் பெண், பறிக்கிறவளைப் பார்க்க ஆண் கங்காணி. நிறுவையில் கூடையைக் கிளறி முத்தல் தேடுவதும் பெரும்பாலும் ஆண் கண்தான். அங்கே மட்டும் இந்த அறிவியல் எங்கே போச்சு?

இதைக் கேட்கத்தான் கை தூக்கினோம். நேரம் முடிந்துவிட்டது, தேநீர் தயார் என்றார்கள்.