பார்க் வேண்டும், ஆனால் சதுப்பு நிலத்தை நிரப்பி வேண்டாம்



"எங்கட ஏரியாவுக்கும் ஒரு பார்க் வேணும்" என்ற கோரிக்கை நியாயமானது. வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் பிள்ளைகள் ஓடி விளையாடவும், வயதானவர்கள் பின்னேரத்தில் காலாற நடக்கவும் போதிய இடமில்லை. ஆனால் கூடவே சிலர் சொல்லும் யோசனைதான் பயமாக இருக்கிறது: "அந்தச் சேத்துக் காணி சும்மாதானே கிடக்குது, மண் போட்டு நிரப்பி, இன்டர்லொக் கல் பதிச்சா நல்லா இருக்கும்."

அந்தக் காணி சும்மா கிடக்கவில்லை. பெய்யும் மழையைப் பிடித்து வைத்து, மெதுவாகக் கால்வாய்க்கு விடுகிறது. 2016 மே மாதம் நம் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது யாருக்கும் மறந்திருக்காது. சதுப்பு நிலம் குறைந்தது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை; களனி கங்கையும் பெருக்கெடுத்தது. ஆனால் தண்ணீர் தங்கும் இடத்தை நாம் நிரப்பினால், அது தங்க நம் வீட்டு ஹோலுக்குத்தான் வரும்.

பார்க்கும் சதுப்பு நிலமும் ஒன்றாக இருக்க முடியாதா? முடியும். ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் பெத்தகான பூங்காவையும், தலவத்துகொடையில் தியசரு பூங்காவையும் போய்ப் பாருங்கள். நிலத்தை நிலமாகவே விட்டு, உயர்த்திய நடைபாதையும் பறவை பார்க்கும் கோபுரமும் அமைத்திருக்கிறார்கள். கொக்கு, நீர்க்காகம், கபரகொய்யா எல்லாம் பக்கத்திலேயே. விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு வாரம் படிப்பிப்பதைப் பிள்ளைகள் அங்கே ஒரு காலையில் விளங்கிக்கொள்வார்கள். 2018 இல் ரம்சார் சாசனத்தின் கீழ் உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று என்பதையும் மறக்க வேண்டாம்.

"நுளம்பு பெருகுமே" என்பார்கள். டெங்கு நுளம்பு பெரும்பாலும் முட்டையிடுவது யோகட் கோப்பை, சிரட்டை, பழைய டயர் இவற்றில் தேங்கும் தண்ணீரில். மீனும் தவளையும் வாழும் சதுப்பில் குடம்பிகளுக்கு எதிரிகள் அதிகம். ஆனால் அதே சதுப்பில் நாம் குப்பைப் பையை வீசினால், நுளம்புக்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பது நாம்தான்.

ஆகவே, பார்க் திட்டம் என்று யார் வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை நான்கு:

1. எவ்வளவு நிலம் நிரப்பப்படும்?
2. மழைத் தண்ணீர் எந்த வழியால் போகும்?
3. நடைபாதை தண்ணீரை மறிக்குமா, மேலால் போகுமா?
4. வாகனத் தரிப்பிடமும் கடைகளும் சதுப்புக்கு வெளியேதானா?

இதற்கு வரைபடத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியாத திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

நம் பக்கமும் ஒரு கடமை உண்டு. வீடு உடைத்த கல்லையும் மண்ணையும் இரவோடு இரவாகச் சதுப்போரம் கொட்டுவதைப் பார்த்தும் பேசாமல் இருந்தால், நாளைக்கு நகர சபையைக் கேள்வி கேட்க நமக்கு வாயிருக்காது.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் இந்த நான்கு கேள்விகளையும் எழுதிக் கையொப்பம் வாங்கிக் கொடுப்போம். சம்மதமானவர்கள் கீழே சொல்லுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் தாராளமாக எழுதுங்கள், பேசுவோம்.