இடக்கையை இறக்கும் முன்

‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் டான்சிங் ரோஸ் என்னும் குத்துச்சண்டைப் பாத்திரம் கைகளைத் தொங்கவிட்டு ஆடிய ஆட்டம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் கையுறை மாட்டும் பிள்ளைகளை ஈர்க்காமல் இருக்குமா? குத்துச்சண்டை மேல் ஆசை வளர்வது நல்லதுதான். ஆனால் பழகத் தொடங்கும்போதே இடக்கையை இடுப்பருகே இறக்கி வைப்பது ஆபத்து. பயிற்றுநர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

அந்த முறையில் பயன் உண்டு. வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு முன்னால் நிற்பது இடக்கை. அது தாழ்ந்திருந்தால் ஜாப், அதாவது அந்தக் கையால் விடும் நேர்க்குத்து, எதிராளியின் பார்வைக்குக் கீழிருந்து எழும்பி வரும். சுதாரிப்பதற்குள் மூக்கில் விழும். தோளும் சீக்கிரம் சோராது. தாமஸ் ஹெர்ன்ஸ் தன் நீண்ட கையை இப்படித்தான் சாட்டையாக வீசினார். ஃபிளாய்ட் மேவெதர் இடக்கையை வயிற்றுக்குக் குறுக்கே வைப்பார். தாடையை இடத்தோளுக்குப் பின்னால் புதைத்துக்கொள்வார். கை இறங்கிய இடத்தைத் தோள் காக்கிறது. காணொளி பார்த்துப் பழகுகிறவர்கள் கோட்டைவிடுவது இந்தத் தோளைத்தான்.

தோள் காக்காத கை தாழ்ந்தால் என்ன ஆகும்? 1936 ஜூன் 19, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். தொழில்முறைச் சண்டையில் அதுவரை தோல்வியே காணாத ஜோ லூயிஸை எதிர்த்து மேக்ஸ் ஷ்மெலிங் இறங்கினார். லூயிஸின் ஆட்டத்தை ஏற்கெனவே கூர்ந்து கவனித்திருந்த அவர் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார்: ஜாப் விட்ட பிறகு லூயிஸின் இடக்கை கன்னத்துக்குத் திரும்பாமல் தாழ்ந்தே வரும். அந்த ஒரு நொடி தாடையின் இடப்பக்கம் திறந்து கிடக்கும். அந்த இடைவெளியில் ஷ்மெலிங்கின் வலக்கை மீண்டும் மீண்டும் பாய்ந்தது. நான்காம் சுற்றில் லூயிஸ் விழுந்தார். 12ஆம் சுற்றில் விழுந்தவர் எழவில்லை. இரண்டாண்டு கழித்து நடந்த மறுசண்டையில் முதல் சுற்றிலேயே ஷ்மெலிங்கைச் சாய்த்தார் என்றாலும், அந்த முதல் தோல்விதான் பாடம். லூயிஸ் வேண்டுமென்றே கையை இறக்கவில்லை. அது பழக்கம். பழகிப்போன ஓட்டை ஆடுகிறவர் கண்ணில் படாது.

முகமது அலியை மலேசியர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். 1975இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னருடன் 15 சுற்று மோதி, புள்ளிகளில் வென்றார். கையைத் தாழ்த்தி ஆடிய அலியைக் காத்தவை கால்களும் தலையைப் பின்னுக்கு இழுக்கும் வேகமும். அந்த அலியையே 1963இல் ஹென்றி கூப்பரும் 1971இல் ஜோ ஃபிரேசியரும் இடக்கைக் கொக்கிக் குத்தால் தரையில் வீழ்த்தினார்கள். எந்தக் கை தாழ்ந்தாலும் அந்தப் பக்கத்துக்குக் காவல் இல்லை.

பேராக்கில் ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களோடு சிலம்பமும் நகரங்களுக்கு வந்தது. சிலம்பம் பழகிய பிள்ளைக்குக் காலடி சுத்தமாக இருக்கும். குத்துச்சண்டைக்கு அது பெரிய சொத்து. ஆனால் கம்பு பிடித்தவரின் கை இடுப்பளவில் நின்றாலும் சுழலும் கம்பு தலையைக் காக்கும். கம்பை வைத்துவிட்டுக் கையுறை மாட்டும்போது அந்தக் காவல் போய்விடுகிறது, கையின் உயரமோ பழையபடியே நிற்கிறது. பன்னாட்டு அமெச்சூர் ஆண்கள் போட்டிகளில் 2013இல் தலைக்கவசமும் நீக்கப்பட்டதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் ஓராண்டு கை கன்னத்தருகிலேயே இருக்கட்டும். ஜாப் விட்ட கை எங்கே திரும்புகிறது என்று பயிற்றுநர் கவனிக்க வேண்டும், முக்கியமாக மூன்றாம் சுற்றின் கடைசி நிமிடத்தில், தோள் கனக்கும்போது. அப்போதும் கை கன்னத்துக்கே திரும்பினால் அந்தப் பிள்ளைக்குத் தாழ்ந்த கையைத் தோளோடும் காலடியோடும் சேர்த்துச் சொல்லித் தரலாம். மற்றவர்களை, எவ்வளவு துடிப்பாக இருந்தாலும், அப்படி மேடையேற்றக் கூடாது.