மெனோபாஸ் சிகிச்சை: புரொஜெஸ்டிரான் மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு என்ன வழி?

சோமனூர், கருமத்தம்பட்டி பக்கம் தறிப்பட்டறைக்குள் ஒரு தடவை போய் நின்றவர்களுக்குத் தெரியும். பஞ்சு பறக்கும், காற்றோட்டம் இருக்காது, மார்ச் மாதமே வேர்த்து ஊற்றும். அந்த வெக்கைக்கு நடுவே உடம்புக்குள்ளிருந்தே ஒரு சூடு கிளம்பி முகம், கழுத்து, நெஞ்சு என்று பரவினால் எப்படி இருக்கும்? 47, 48 வயதில் அங்கே தார் சுற்றும் அக்காக்கள் பலருக்கு இதுதான் நடக்கிறது. கேட்டால், "வெயில் காலமுங்க, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுவார்கள்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு முழுதாக நிற்கும் சராசரி வயது 46-47. மேலை நாடுகளில் 51. கணக்குப் போட்டுப் பார்த்தால், சரவணம்பட்டியில் ஐ.டி. வேலைக்குப் போகும் 25 வயதுக்காரரின் அம்மா அநேகமாக இப்போது இந்தக் கட்டத்தில்தான் இருப்பார். தூக்கமின்மை, படபடப்பு, இரவு வியர்வை தாங்க முடியாமல் மகப்பேறு மருத்துவரிடம் போகும் சிலருக்கு ஹார்மோன் சிகிச்சை எழுதித் தரப்படுகிறது. அந்தச் சீட்டில் பெரும்பாலும் இரண்டு மருந்து இருக்கும். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

முதல் மருந்து ஈஸ்ட்ரோஜன். வெக்கையைத் தணிப்பது, தூக்கத்தைத் திருப்பித் தருவது எல்லாம் அதன் வேலை. ஆனால் கர்ப்பப்பையின் உள்சுவரையும் அது வளர்த்துக்கொண்டே போகும். தனியாக வருடக்கணக்கில் எடுத்தால் அந்த வளர்ச்சி புற்றுநோய் வரை போகலாம். அமெரிக்காவில் 1975-ல் வந்த ஆய்வுகள் இதை வெளிச்சம் போட்டுக் காட்டின. அதன் பிறகுதான் கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரொஜெஸ்டிரான் வகை மருந்தும் சேர்த்தே தருவது வழக்கமானது. உள்சுவர் வளர்ந்தது போதும் என்று நிறுத்துவது அதுதான். 2025 நவம்பரில் அமெரிக்காவின் எப்.டி.ஏ. மெனோபாஸ் ஹார்மோன் மருந்துகளின் மேல் இருந்த கறுப்புப் பெட்டி எச்சரிக்கைகளில் பலவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. அப்போதும் ஒன்றை மட்டும் கைவைக்கவில்லை: ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோய் ஆபத்து என்ற எச்சரிக்கை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த இரண்டாவது மருந்துதான் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. புரொஜெஸ்டிரான் கேப்சூலை விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலில் உடைந்துவிடும். அப்படி உடைந்து உருவாகும் பொருட்களில் ஒன்று மூளையில் போய் மயக்க மருந்து மாதிரி வேலை செய்யும். அதனால்தான் படுக்கப் போகும்போது போடச் சொல்கிறார்கள். தூக்கம் வராதவருக்கு அது வரம். சிலருக்கோ தலைசுற்றல், மறுநாள் காலை வரை மந்தம், வயிறு உப்புசம், மனச்சோர்வு. நைட் ஷிஃப்ட் போகும் பெண்ணுக்கு "இரவு படுக்கும்போது" என்ற வாக்கியத்துக்கே அர்த்தமில்லை. அவர் காலையில் வீட்டுக்கு வந்து தூங்கப் போகும் முன் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். சீட்டு எழுதும்போது அவருடைய ஷிஃப்ட்டை யாராவது கேட்டிருந்தால் நல்லது.

"இந்த மாத்திரை போட்டா கிறுகிறுன்னு வருது, இதை மட்டும் விட்டுட்டேன். இன்னொண்ணு நல்லா கேக்குது, அதைப் போட்டுக்கறேன்." ஆபத்து இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் நிறுத்தினால் வெக்கை திரும்ப வரும், அவ்வளவுதான். புரொஜெஸ்டிரானை மட்டும் நிறுத்தினால் காவல் இல்லாத வீடு. வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் உள்சுவர் தடித்துக்கொண்டே போகலாம்.

அதே கேப்சூலைப் பிறப்புறுப்பின் வழியாக உள்ளே வைத்துக்கொள்வது ஒரு மாற்று வழி. ஐ.வி.எப். சிகிச்சையிலும் கர்ப்பம் தங்குவதற்கும் இது நம் ஊரில் சர்வசாதாரணம். சஸ்டன் போன்ற பெயர்களை இளம் தம்பதிகள் பலருக்கு மனப்பாடமாகவே தெரியும். அம்மாக்களுக்குத்தான் இதை யாரும் சொல்வதில்லை. இந்த வழியில் மருந்து கல்லீரலைச் சுற்றிப் போகாமல் நேராகக் கர்ப்பப்பைக்குப் போகிறது. ரத்தத்தில் அளவு குறைவு, உள்சுவரில் அளவு அதிகம். மயக்கம் வெகுவாகக் குறையும். ஆனால் மெனோபாஸ் சிகிச்சைக்கு இப்படி வைப்பது பிரிட்டனில்கூட லேபிளில் சொல்லப்படாத பயன்பாடுதான். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதில் வாய்வழி மருந்துக்கு இருக்கும் அளவு உறுதியான ஆய்வுகள் இதற்கு இல்லை. ஆகவே மருத்துவர் சொல்லாமல் வீட்டிலேயே வழியை மாற்றக் கூடாது.

அடுத்தது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். மிரெனா என்ற பெயரில் பிரபலம். 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற செயற்கை ஹார்மோனை உள்ளே இருந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக விடும். தினம் மாத்திரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய வருடங்களில் வரும் அதிக ரத்தப்போக்கையும் அடக்கும், கருத்தடையும் ஆகும். என் பார்வையில் தறி வேலைக்கும் ஷிஃப்ட் வேலைக்கும் போகும் பெண்களுக்குப் பொருத்தமான வழி இதுதான். தடை, ஒரே தடவையில் சில ஆயிரங்கள் கொடுக்க வேண்டியிருப்பது. கூலி உயர்வுக்கே வருடக்கணக்கில் போராடும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இதில் இரண்டு குழப்பம் அடிக்கடி வரும். ஒன்று, "எனக்குத்தான் காப்பர்-டி இருக்குதே" என்பது. காப்பர்-டியில் ஹார்மோனே கிடையாது, உள்சுவருக்கு அது பாதுகாப்பு தராது. இன்னொன்று, கருத்தடைக்கு 8 வருடம் வரை இந்தச் சாதனம் தாங்கும் என்பதால் ஹார்மோன் சிகிச்சைக்கும் தாங்கும் என்று நினைப்பது. பிரிட்டிஷ் வழிகாட்டல்படி இதற்கு 5 வருடம்தான் கணக்கு.

வழியை மாற்றாமல் மருந்தை மாற்றுவதும் உண்டு. துஃபாஸ்டான் என்று மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் டைட்ரோஜெஸ்டிரான் மாத்திரை அந்த மயக்கத்தைப் பொதுவாகத் தருவதில்லை. கோயில் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட நம்மூரில் வாங்கும் நோரெதிஸ்டிரான் மாத்திரையும் இதே குடும்பம்தான். அதற்காக வீட்டில் மிச்சம் கிடக்கும் அட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வது சிகிச்சை ஆகாது. எல்லாம் ஒரே குணம் கொண்டவையும் அல்ல. 2002-ல் உலகையே பயமுறுத்திய அமெரிக்க ஆய்வில் மார்பகப் புற்றுநோய் கூடியதாகச் சொன்னது மெட்ராக்சிபுரொஜெஸ்டிரான் என்ற செயற்கை வகையைச் சேர்த்துக் கொடுத்தபோது. சுமார் 80 ஆயிரம் பிரெஞ்சுப் பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், இயற்கையான புரொஜெஸ்டிரானும் டைட்ரோஜெஸ்டிரானும் சேர்ந்த சிகிச்சையில் அந்த ஆபத்து குறைவாகத் தெரிந்தது.

ஆன்லைனில் "இயற்கை புரொஜெஸ்டிரான் கிரீம்" என்று விற்பவற்றை மட்டும் நம்ப வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் ஜெல் தோல் வழியே நன்றாக வேலை செய்வதால் இதுவும் செய்யும் என்று தோன்றும். செய்யாது. தோலில் பூசும் புரொஜெஸ்டிரான் கர்ப்பப்பைக்குப் பாதுகாப்பு தராது என்று 2016-ல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. காட்டு வள்ளிக்கிழங்கு கிரீம் இன்னும் மோசம். 1940-களில் மெக்சிகோவில் ரஸ்ஸல் மார்க்கர் அந்த வகைக் கிழங்கிலிருந்து புரொஜெஸ்டிரான் தயாரித்தது உண்மைதான். ஆனால் அது ஆய்வுக்கூட ரசாயனத்தால் நடந்தது. நம் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது.

இவ்வளவு வழிகள் இருக்க, நம் பக்கம் ரத்தப்போக்கு என்று போனால் பல நேரம் முதலிலேயே காதில் விழுவது, "குழந்தை பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாமே" என்பதுதான். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இந்த அறுவை நடந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில். தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றலுக்கு எதிராக டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் அமல்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அறுவை அவசியமான நோய்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் "வேற வழி இருக்குதுங்களா டாக்டர்?" என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. அதைவிட முக்கியம், அவர் கேட்பதற்கு முன்பே அந்த வழிகளைச் சொல்வது மருத்துவரின் வேலை.

ஏற்கெனவே கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, புரொஜெஸ்டிரான் தேவையில்லை. பிறப்புறுப்பு வறட்சிக்கு மட்டும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் போடுபவர்களுக்கும் பொதுவாக வேண்டியதில்லை.

இந்த வாரம் ஊருக்குப் போனால் அம்மாவின் மாத்திரை அட்டைகளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதை விட்டிருக்கிறார், எப்போதிலிருந்து என்று கேளுங்கள். தினமும் இரண்டு மருந்தும் எடுப்பவருக்கு முதல் சில மாதம் லேசாகத் தீட்டுப் படுவது வழக்கம். ஆறு மாதம் தாண்டியும் பட்டால், அல்லது நின்றுபோன ரத்தம் திரும்ப வந்தால், "சூட்டுக்கு வந்திருக்கும்" என்று மோர் குடித்துவிட்டு விட வேண்டாம். அந்த வாரமே ஸ்கேன் எடுத்து உள்சுவரின் தடிமனைப் பார்க்க வேண்டும்.