சங்கீத ஞானம் யாருக்கு?

சங்கீதம் என்பது பிறவியிலேயே வரவேண்டிய ஒரு வரப்பிரசாதம் என்றும், அது வாய்க்காதவன் தலைகீழாக நின்றாலும் அவனுக்கு வராது என்றும் ஒரு பேச்சு வெகு காலமாக நடந்து வருகிறது. இதை யார் சொல்லுகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் முன்பே பாடக் கற்றுக்கொண்டவர்களும், கற்றுக்கொடுத்துப் பணம் வாங்குகிறவர்களுந்தான் சொல்லுகிறார்கள். ஒரு பையன் இரண்டு நாள் சுருதி சேராமல் பாடிவிட்டால் போதும். "இவனுக்குக் காது இல்லை" என்று உபாத்தியாயர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அந்தப் பையன் அறுபது வயதானாலும் நாலு பேர் நடுவில் வாயைத் திறப்பதில்லை. நோய் தீராவிட்டால், "இந்த நோயாளிக்கு உடம்பே இல்லை" என்று ஒரு வைத்தியன் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? சங்கீத வாத்தியார் சொன்னால் மாத்திரம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறோம்.

இந்தப் பேச்சு வெறும் புரட்டு என்பதைக் காரியத்தில் காட்டியவர்களில் ஒருவர், கானடா தேசத்து மரே ஷேபர் என்பவர். 1933-ல் ஒண்டேரியோ மாகாணத்துச் சார்னியா என்னும் ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஒரு கண் பார்வை போயிற்று. டொரண்டோ சர்வகலாசாலையில் சங்கீத வகுப்பில் சேர்ந்தார். ஆசிரியர்களோடு ஒத்துப்போகாததால் வெளியே தள்ளப்பட்டார். பிறகு கற்றதில் பெரும்பகுதி தாமாகத் தேடிக் கற்றதுதான். பட்டம் பெறாத அந்த மனிதருக்கே பிற்காலத்தில் பல சர்வகலாசாலைகள் கௌரவப் பட்டம் கொடுத்தன. பட்டத்தின் யோக்கியதை இவ்வளவுதான்!

1965 முதல் 1975 வரை சைமன் பிரேசர் சர்வகலாசாலையில் வேலை பார்த்தார். என்றாலும் நாம் கவனிக்க வேண்டியது, அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் செய்த வேலையைத்தான். அவர் சுரப் பாடத்தில் ஆரம்பிக்கவில்லை. ஒரு காகிதத்தைக் கொடுத்து, சத்தமே வராமல் வகுப்பு முழுவதும் கை மாற்றுங்கள் என்பார். செய்து பார்த்தால்தான் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்று. விரல் பட்டாலும் சத்தம், காற்றில் ஆடினாலும் சத்தம். அதுவரையில் அந்தச் சின்னச் சத்தங்களைக் கேட்டே இராத பிள்ளைகள் அப்போதுதான் கேட்கத் தொடங்குவார்கள். காதைச் சுத்தம் செய்வது என்று இதற்குப் பெயர் வைத்து 1967-ல் ஒரு சிறு புத்தகமும் வெளியிட்டார். காது என்பது பழக்கினால் திறக்கிற ஒரு கருவியே அன்றி, பிறக்கும்போதே எழுதி வைத்த விதி அல்ல என்பது இதனால் தெரியவில்லையா?

இன்னொரு சமயம், நிலவொளிக்கு உங்கள் மனம் போல ஒரு புதுச் சொல் உண்டாக்குங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். எந்த அகராதியிலும் இல்லாத சொற்களை அவர்கள் உண்டாக்கினார்கள். அந்தச் சொற்களையே வைத்து 1968-ல் இளைஞர் குழு பாடுவதற்கு ஒரு பாட்டு அமைத்தார். வழக்கமான சுரக்குறிப்பை விட்டுக் கோடுகளாலும் வளைவுகளாலும் அதை எழுதினார். பாட்டுக்குச் சொல் கொடுத்தவர்கள் மகாகவிகள் அல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்!

"காகிதத்தைக் கசக்குவதும் கை மாற்றுவதுமா சங்கீதம்? சாதகம் வேண்டாமா?" என்று வித்வான்கள் கேட்பார்கள். வேண்டும், வேண்டாமென்று யார் சொன்னது? இலக்கணம் படித்த பிறகு பேச ஆரம்பித்த குழந்தை உலகத்தில் எங்கேனும் உண்டா? முதலில் பேச்சு, பிறகுதான் இலக்கணம். ஷேபர் ஒன்றும் சாதகம் தெரியாதவர் அல்ல. நாலு பேர் வாசிக்கும் நரம்பு வாத்திய இசை மாத்திரம் பத்துக்கு மேல் எழுதியவர்.

பிள்ளைகளோடு நிற்கவும் இல்லை. 1975-க்குப் பிறகு ஒண்டேரியோ நாட்டுப்புறத்தில் ஒரு பண்ணை வீட்டில் குடியிருந்துகொண்டு, பக்கத்திலிருந்த மேநூத் என்னும் சிற்றூர் ஜனங்களைச் சேர்த்துப் பாடற்குழு நடத்தினார். அந்த ஊராருக்கென்று 1979-ல் யோனாவின் கதையை ஒரு நாடகமாக்கினார். மனிதன் மூன்று நாள் மீன் வயிற்றில் குடியிருந்தான் என்கிற கதையை நாம் நம்பவேண்டியதில்லை. ஊரார் கூடிப் பாடினார்கள் என்பதை நம்பலாம். பிற்காலத்தில் அவர் காட்டிலும் ஏரிக்கரையிலும் சடங்கு போன்ற நாடகங்களை நடத்தியதும் நமக்குப் பிடித்த சங்கதி அல்ல. ஒரு மனிதரிடம் நல்லதை எடுத்துக்கொள்ள அவருடைய எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

2021-ல், தமது 88-வது வயதில் அவர் காலமானார். 1992-ல் அவர் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் கேட்பதற்கும் ஒலி உண்டாக்குவதற்கும் 100 பயிற்சிகள் இருக்கின்றன. முதல் பயிற்சி, சும்மா உட்கார்ந்து காதில் விழும் சத்தங்களையெல்லாம் எழுதுவது. பக்கத்தில் இருப்பவர் எழுதியதோடு ஒத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது. இதற்கு வீணை வேண்டாம், குரு தட்சிணை வேண்டாம். ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் போதும்.