ஓட்டு மாறியது, மருந்து வந்ததா? போட்ஸ்வானா தேர்தல் பற்றி ஒரு டாக்டரின் பார்வை

1/ போட்ஸ்வானா. தெற்கு ஆப்பிரிக்காவில் சுமார் 25 லட்சம் பேர் வாழும் நாடு. 2024 அக்டோபர் 30-ல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் 58 வருஷ ஆட்சியை மக்கள் இறக்கிட்டாங்க. "டாக்டருக்கு இதுல என்ன வேலை?"னு கேக்கறீங்களா? கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ அங்கே மக்கள் எம்.பி.க்களைத் தேர்ந்தெடுப்பாங்க. பெரும்பான்மை பிடிக்கும் கட்சியின் தலைவர் அதிபர். 1966-ல் சுதந்திரம் கிடைச்சதிலிருந்து பிடிபி என்ற ஒரே கட்சிதான் ஆட்சி. இந்த முறை 61 தொகுதிகளில் அதுக்குக் கிடைச்சது வெறும் 4. எதிர்க்கட்சிக் கூட்டணி யுடிசிக்கு 36.

3/ அதிபர் மசிசி முழு முடிவு வரும் முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டார். நவம்பர் 1-ல் டூமா போகோ பதவியேற்றார். கலவரம் இல்லை, துப்பாக்கிச் சத்தம் இல்லை. இதை நான் சாதாரண விஷயமா நினைக்கல.

4/ இது ஒண்ணும் சுகாதாரத்தில் பின்தங்கிய நாடு இல்லைங்க. எச்.ஐ.வி. மிக அதிகமா பரவிய நாடுகளில் ஒண்ணு. ஆனா 2002-லேயே அரசே இலவசமா ஏ.ஆர்.டி. மாத்திரை கொடுக்க ஆரம்பிச்சது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போவதைப் பெருமளவு குறைச்சதுக்காக 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரமும் கிடைச்சது.

5/ அப்புறம் ஏன் மக்கள் கோபப்பட்டாங்க? வேலையில்லாத் திண்டாட்டம், ஊழல் புகார்கள், அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு. நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பகுதி வைரம். உலகச் சந்தையில் வைர விற்பனை படுத்ததும் கஜானாவும் படுத்துடுச்சு. அந்த அடி மருந்து வாங்கும் பணத்தையும் விடல.

6/ சரி, ஆட்சி மாறியதும் மருந்து வந்துச்சா? இல்லை. 2025 ஆகஸ்ட்டில் சுகாதார அமைச்சகமே ஒப்புக்கொண்டது: தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்து சப்ளை செய்தவர்களுக்கும் தர வேண்டிய பாக்கி 100 கோடி புலாவுக்கு மேல். பிரஷர், சுகர், கேன்சர், ஆஸ்துமா, டிபி மருந்துகள் தட்டுப்பாடு. தையல் நூல், கட்டுத்துணிக்கே பற்றாக்குறை!

7/ அதே மாதம் அதிபர் பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார். மருந்து வாங்க 25 கோடி புலா ஒதுக்கீடு. விநியோகத்தை ராணுவம் மேற்பார்வை செய்யும்னு உத்தரவு.

8/ என் கருத்தைச் சொல்லிடறேன். பிரச்னையை மூடி மறைக்காம வெளியே சொன்னது நல்ல விஷயம். ஆனா ராணுவ லாரி முதலுதவி மட்டும்தான். நிஜ வைத்தியம் வேற: சப்ளையருக்கு நேரத்துக்குப் பணம், வெளிப்படையான டெண்டர், எந்த ஆஸ்பத்திரியில் என்ன இருப்புனு தினமும் தெரியும் கணக்கு. இதெல்லாம் பார்க்க சலிப்பான வேலை, மேடையில் கைதட்டல் வாங்காது. ஆனா உயிர் காப்பாத்தும்.

9/ நோயாளி பக்கம் இருந்து பாருங்க. பிரஷர் மாத்திரை ரெண்டு மாசம் நின்னா பக்கவாதம் வரலாம். டிபி மருந்து பாதியில் நின்னா கிருமி மருந்துக்கு அடங்காததா மாறலாம். உடம்பு அடுத்த பட்ஜெட் வரை காத்திருக்காது.

10/ "அப்போ தேர்தலால என்ன பிரயோஜனம்?"னு சிலர் கேப்பாங்க. இருக்கு. 58 வருஷம் ஆண்ட கட்சியையே மக்கள் 4 சீட்டுக்குக் கொண்டுவந்தாங்கன்னா, புது அரசுக்கும் அந்தப் பயம் இருக்கும். அந்தப் பயம்தான் மருந்துக் கிடங்கின் நிலைமையை மக்கள்கிட்ட சொல்ல வைக்கும்.

11/ ஓட்டு என்பது நோயைக் கண்டுபிடிச்சு எழுதிக் கொடுக்கும் சீட்டு மாதிரி. சீட்டு கிடைச்சாலே நோய் குணமாகாது. மருந்து வாங்கணும், சாப்பிடணும், திரும்ப வந்து செக் பண்ணணும். போட்ஸ்வானா மக்கள் சீட்டை சரியா எழுதிட்டாங்க. இனி ஐந்து வருஷமும் விடாம ஃபாலோ-அப் பண்ணணும். எந்த நாட்டு வாக்காளருக்கும் இதே அட்வைஸ்தான்.