பூட்டி வைத்த கைபேசியும் இல்லத்துப் பிள்ளைகளும்



2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கு தொடங்கிய காலத்தில், நம் நாட்டின் குழந்தைகள் பராமரிப்பு இல்லங்களில் 2,27,518 சிறுவர் சிறுமியர் இருந்தனர். அவர்களுள் 1,45,788 பேர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ அனுப்பி வைக்கப்பட்டனர். மற்றவர்கள் இல்லங்களிலேயே தங்கினர். பள்ளிக்கூடமே கைபேசிக்குள் வந்துவிட்ட அந்த மாதங்களில் இவர்கள் எப்படிப் படிப்பது? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இணையவழிக் கல்விக்குத் தேவையான வசதிகள், புத்தகங்கள், அச்சு இயந்திரங்கள் ஆகியவற்றை 30 நாள்களுக்குள் இல்லங்களுக்கு வழங்க வேண்டும் என மாநில அரசுகளுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் நீதிமன்றம் ஆணையிட்டது.

கைபேசி என்றாலே ‘கூடாது’ என்று சொல்லிப் பழகிய இல்லங்களும் அன்று அதற்குக் கதவைத் திறந்தன. பள்ளிகள் மீண்டும் திறந்தபின், பல இடங்களில் அது மறுபடியும் அலுவலக அலமாரிக்குள் போய்விட்டது. பிள்ளைகளின் வாழ்விலிருந்தும் அது போய்விட்டதா? இல்லை என்பதே உண்மை.

பூட்டு எதைக் காக்கிறது?

இல்லப் பொறுப்பாளர்களின் அச்சம் நியாயமானது. நாற்பது ஐம்பது பிள்ளைகளை இரண்டு மூன்று பேர் கவனிக்கும் இடத்தில், ஒரு கைபேசி எந்த ஆபத்தைக் கொண்டுவருமோ என்று அவர்கள் நடுங்குகிறார்கள். ஆனால் தடை போட்ட இடத்திலும் கைபேசி வருகிறது. பள்ளித் தோழனின் கைபேசி, விடுமுறையில் மாமா வீட்டுக் கைபேசி, தலையணைக்கடியில் ஒளித்து வைத்த பழைய கைபேசி என்று ஏதோ ஒரு வழி இருக்கிறது.

இங்கேதான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. முகம் தெரியாத ஒருவன் அன்பாகப் பேசி, ஒரு படத்தைக் கேட்டு வாங்கி, பிறகு அதைக் காட்டி மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பிள்ளை அழுதுகொண்டே அம்மாவிடம் சொல்லக்கூடும். இல்லத்துப் பிள்ளை யாரிடம் சொல்லும்? சொன்னால், திருட்டுத்தனமாகக் கைபேசி வைத்திருந்த குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லத்தை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அதன் வாயை அடைத்துவிடும். மிரட்டுபவனுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான். அப்போது நாம் போட்ட தடை பிள்ளையை விட்டுவிட்டு அவனைக் காக்கிறது.

நம் பகுதியின் நிலை

குன்னத்தூர், பெருமாநல்லூர், ஊத்துக்குளி, அவிநாசிப் பக்கத்துத் தாய்மார் பலர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது இரவாகிவிடுகிறது. கணவரை இழந்தவரோ தனித்து வாழ்பவரோ தம் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது பாசம் இல்லாததால் அல்ல. இல்லத்தில் மாலை ஐந்து முதல் ஆறு வரை மட்டும் பேசலாம் என்று விதி இருந்தால், அந்தத் தாய் எப்போது பேசுவார்? பிள்ளையைக் குடும்பத்தோடு மீண்டும் சேர்ப்பதே 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. இரவு ஒன்பது மணிக்கு முகம் பார்த்துப் பேசும் ஐந்து நிமிடம் அந்த உறவை வாழ வைக்கும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பதினெட்டு வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறும் இளைஞன், கம்பெனியில் சேர்ந்து முதல் சனிக்கிழமைகளின் சம்பளத்தில் வாங்க விரும்புவது ஸ்மார்ட்போன்தான். கடன் தரும் செயலி, பணம் கட்டி ஆடும் சூதாட்டம், ஆபாசம், போலி வேலை அழைப்பு எல்லாம் ஒரே நாளில் அவன் முன் வந்து நிற்கின்றன. கிணற்றடிக்கே விடாமல் வளர்த்தவனைத் திடீரென்று ஆற்றில் இறக்கிவிடுவது போன்றது இது.

என்ன செய்யலாம்?

2017ஆம் ஆண்டு அக்டோபரில், இணைய உலகில் குழந்தைகளின் மாண்பு குறித்து உரோமையில் ஓர் உலக மாநாடு நடந்தது. அதில் பங்கேற்றோரிடம் திருத்தந்தை பிரான்சிஸ், இந்தத் தீங்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்றும், தானாக வடிகட்டும் தொழில்நுட்பம் மட்டும் போதும் என்று நம்ப வேண்டாம் என்றும் எச்சரித்தார். உடன் நடக்கும் பெரியவர் ஒருவர் தேவை என்பதே இதிலிருந்து நாம் கற்க வேண்டியது.

இல்லத்துக்கென்று பொதுவான கைபேசிகள் இருக்கட்டும். பொதுக்கூடத்தில், வயதுக்கு ஏற்ற நேரத்தில், ஒருவர் அருகிருக்கப் பயன்படுத்தட்டும். விதிகளைப் பிள்ளைகளோடு அமர்ந்து பேசி வகுக்கட்டும். தாங்களே வகுத்த விதியை அவர்கள் எளிதில் மீறுவதில்லை. பணியாளர் எவரும் தம் சொந்தக் கைபேசியில் பிள்ளையோடு தனியாக அரட்டை அடிக்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, “விதியை மீறியிருந்தாலும் பரவாயில்லை, ஆபத்து என்றால் வந்து சொல், தண்டனை இல்லை” என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்க வேண்டும்.

அப்படி ஒரு பிள்ளை வந்து சொன்னால், மிரட்டல் செய்திகளை அழிக்கவும் கூடாது, படங்களைப் பிறருக்கு அனுப்பவும் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கு 1930. பாலியல் குற்றம் எனத் தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் மூடி மறைப்பது போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. இல்லத்தின் பெயர் கெட்டுவிடும் என்ற சாக்கு அங்கே செல்லாது.

நம் கையிலுள்ள கைபேசி

கடைசியாக நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் இல்லங்களுக்குச் சென்று உணவு வழங்குகிறோம். நல்ல செயல். ஆனால் இலை போட்டதும் கைபேசியை எடுக்கிறோம். பிள்ளைகள் கேக்கோடு நிற்கும் படம் இல்லத்தின் பெயரோடு வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் ஏறுகிறது. அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதை, அது தெரியக்கூடாத ஒருவருக்கு நாமே காட்டிக் கொடுக்கிறோம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளம் வெளியாவதைத் தடுக்கவே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இருக்கிறது; அதை மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வகுப்புத் தோழர்கள் பார்க்கும்படி, தானம் பெறுபவனாகத் தன் முகம் காட்டப்படுவதை எந்தப் பிள்ளைதான் விரும்பும்? வலக்கை செய்வதை இடக்கைக்கும் மறைக்கச் சொன்ன ஆண்டவரின் சீடர்கள் அல்லவா நாம்?

அடுத்த முறை இல்லத்துக்குச் செல்லும்போது கைபேசியைப் பையிலேயே வையுங்கள். உணவோடு ஒரு மணி நேரத்தையும் கொடுங்கள். நம் பங்கிலே கணினி படித்த இளைஞர்கள் இருக்கிறீர்கள். பொறுப்பாளரின் அனுமதியோடு, அவர் முன்னிலையில், கடவுச்சொல்லை எப்படிக் காப்பது, போலி அழைப்பை எப்படி அறிவது என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க உங்களில் இருவர் முன்வந்தாலும் போதும். அது ஒருவேளை பிரியாணியை விட நெடுநாள் அவர்களோடு இருக்கும்.